பச்சை டேக் போட்ட டீ-ஷர்ட்: அக்கறையா, விளம்பரமா?

காக்கி நிறத்தில் ஒரு அட்டை. அதைக் கட்டியிருப்பது சணல் கயிறு. அட்டையில் ஒரு இலை, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், "பூமிக்கு நல்லது" என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. இப்போது எந்தப் பெரிய துணிக்கடைக்குப் போனாலும் இப்படி டேக் போட்ட டீ-ஷர்ட்கள் தனி ரேக்கில் தொங்குகின்றன. பக்கத்து ரேக்கில் இருக்கும் சாதா டீ-ஷர்ட்டை விட விலை கொஞ்சம் கூட இருக்கும்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மதியம் முழுக்கச் சண்டை. "எல்லாம் ஏமாத்து வேலை, பச்சை பெயிண்ட் அடிச்சு விலையை ஏத்துறாங்க" என்றது ஒரு கோஷ்டி. "ஏதோ இந்த அளவுக்காவது செய்யறாங்களே, அதையும் குத்தம் சொன்னா எப்படி?" என்றது இன்னொரு கோஷ்டி. லேப் மணி அடித்ததால் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. எனக்கு இதில் சொல்வதற்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நான் வளர்ந்தது திருப்பூருக்குப் பக்கத்தில். மாமா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். பெரியப்பா நொய்யல் கரையில் விவசாயி. தீபாவளிக்கு இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

அந்த டேக் எதைப் பற்றிப் பேசுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பஞ்சைப் பற்றி. 'ஆர்கானிக் காட்டன்'. அதாவது ரசாயன உரம், பூச்சிமருந்து, மரபணு மாற்றிய விதை இதெல்லாம் இல்லாமல் விளைந்த பருத்தி. நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக் காட்டுக்கு மருந்தடித்தவர்களில் சுமார் இருபது பேர் விஷம் ஏறி இறந்து போனார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய் 'ஆர்கானிக் என்பதெல்லாம் சும்மா' என்று சொல்ல முடியாது.

ஆனால் பஞ்சு மட்டும் டீ-ஷர்ட் ஆகிவிடாது. பஞ்சு நூலாகணும். நூல் நிட்டிங் போய் துணியாகணும். துணி சலவைப்பட்டறைக்குப் போய் வெளுக்கணும், சாயப்பட்டறைக்குப் போய்க் கலர் ஏறணும். அப்புறம்தான் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங். இந்த வரிசையில் எங்கள் ஊர் ஆற்றைக் கொன்றது பருத்தி விவசாயி இல்லை. நடுவில் இருக்கும் அந்தச் சாயம். அதைப் பற்றி அந்த இலை படம் போட்ட அட்டை மூச்சு விடுவதில்லை.

சாயம் ஏன் இவ்வளவு பெரிய தலைவலி என்று மாமா ஒரு நாள் எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்திக்கு லேசான எதிர்மின்னூட்டம் உண்டு. சாயத்துக்கும் அதே எதிர்மின்னூட்டம். ஒன்றை ஒன்று தள்ளும். இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் தரகர்தான் உப்பு. "உப்பு இல்லாம சாயம் ஒட்டாது மாப்ள" என்பார் மாமா. கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்த்தியான கலருக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்களாம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதாவது உங்கள் கறுப்பு டீ-ஷர்ட் கடலை விட உப்பான தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் தரகர் கிளம்பிவிடுவார் இல்லையா? அதே மாதிரி இந்த உப்பில் எதுவும் துணியில் தங்காது. மொத்தமும் கழிவுத்தண்ணீரோடு வெளியே வரும். கூடவே துணியில் ஒட்டாமல் போன சாயமும் வரும். அது கலரைப் பொறுத்து போட்ட சாயத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கலாம். தண்ணீரின் நிறத்தை எடுப்பது ஓரளவு சுலபம். கரைந்து போன உப்பை எடுப்பதுதான் காசு தின்னும் வேலை. தெளிந்த தண்ணீராக ஆற்றில் விட்டாலும் நிலம் வீணாகிவிடும்.

இப்போது கேள்வி: ஆர்கானிக் பருத்திக்கு இந்த உப்பு வேண்டாமா? வேண்டும். பருத்தி எப்படி விளைந்தது என்று சாயத்தொட்டிக்குத் தெரியாது.

இங்கே ஒரு சின்ன நியாயம் செய்துவிட வேண்டும். சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 'ஓசிஎஸ்' என்று ஒன்று இருக்கிறது. துணியில் எத்தனை சதவீதம் ஆர்கானிக் பஞ்சு என்பதை மட்டும்தான் அது பார்க்கும். சாயப்பட்டறைக் கெமிக்கல் பக்கம் எட்டிப் பார்க்காது. 'காட்ஸ்' என்பது அதை விடக் கறார். குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் பஞ்சு இருந்தால்தான் அதன் முத்திரையே கிடைக்கும். வெறுமனே 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் வேண்டும். அதோடு எந்தச் சாயம் போடலாம் போடக்கூடாது, கழிவுநீரைச் சுத்திகரிக்கிறீர்களா, வேலையாட்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். கடையில் இரண்டு டீ-ஷர்ட்டிலும் ஒரே இலைதான் இருக்கும். எத்தனை பேர் திருப்பிப் பார்த்து சின்ன எழுத்தைப் படிக்கிறோம்?

இனி நொய்யல். தெரியாதவர்களுக்காக: வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரிலேயே காவிரியில் சேரும் ஆறு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட் எகிறியது. இன்றைக்கு இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் எங்கள் ஊர் சரக்குதான். அது வளர்ந்த வேகத்துக்கு நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் முளைத்தன, கழிவு எல்லாம் ஆற்றுக்குப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் ஒரு அணை கட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் அது சாயத்தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைத் தயவுசெய்து திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய கூத்து வேறெங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை.

பெரியப்பாவின் கிணறு அந்த அணைக்குக் கீழேதான். கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் என்பார். மஞ்சள் போச்சு, நெல் போச்சு, கடைசியில் தென்னையும் குருத்து காய ஆரம்பித்தது. மாமா வீட்டுக்கு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங் மாப்பிள்ளை, இந்த வாரம் என்ன கலர் விட்டீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார். மாமா பதில் சொல்லாமல் காப்பியைக் குடிப்பார்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2006ல் ஒரு சொட்டுக் கழிவு கூட வெளியே வரக்கூடாது, அதற்கான ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்று கெடு வைத்தது. சாயப்பட்டறை சங்கம் உச்சநீதிமன்றம் வரை போனது. 2009ல் அங்கேயும் விவசாயிகள் பக்கம்தான் தீர்ப்பு. அப்புறமும் முழுசாக நடக்கவில்லை. 2011 ஜனவரி 28ம் தேதி, பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில், எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. கரண்ட்டைப் பிடுங்கினார்கள்.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. எனக்கு நினைவிருப்பது மாமா பகலில் வீட்டில் இருந்தது மட்டும்தான். பகலில் மாமா வீட்டில் இருந்தால் எங்களுக்கெல்லாம் ஜாலி, அவருக்கு என்ன என்று அந்த வயதில் தெரியவில்லை. அத்தையின் வளையல் அடகுக்குப் போனது பிற்பாடு கேள்விப்பட்டது. ஒரே தீர்ப்பில் குடும்பத்தில் ஒருவர் ஜெயித்தார், இன்னொருவர் சோறு இழந்தார். அந்த வருஷம் தீபாவளித் திண்ணையில் கலர் பற்றிய கேள்வி வரவில்லை. பெரியப்பா மாமாவுக்குத் தன் தட்டில் இருந்த முறுக்கை எடுத்து வைத்ததாக அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைய திருப்பூர். கழிவுத்தண்ணீரை முதலில் உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி நல்ல தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பையும் மீட்டு அதே சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். பெரிய பட்டறைகள் சொந்தமாக, மற்றவர்கள் சேர்ந்து நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையங்களில். இதுவும் முழுசாகச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆவியாக்க எரிபொருள் வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. மழை பெய்யும் ராத்திரியில் யாரோ திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டார்கள் என்று இன்னமும் அவ்வப்போது பேப்பரில் புகார் வருகிறது. ஆனாலும் நான் குழந்தையாக இருந்தபோது பார்த்த ஆறும் இதுவும் ஒன்றில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த மாற்றத்தை எந்தக் காக்கி அட்டையும் கொண்டுவரவில்லை. ஆறு செத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கண்டெய்னர் போய்க்கொண்டுதான் இருந்தது. துணியின் தரத்தைப் பார்த்தார்கள், தையலை இழுத்துப் பார்த்தார்கள், விலையைக் குறைக்கச் சொன்னார்கள். வழக்குப் போட்டு அலைந்தது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். கூலி இழந்தது மாமா மாதிரி ஆட்கள். இன்றைக்கு 'பசுமைத் திருப்பூர்' என்று ஏற்றுமதியாளர்கள் கண்காட்சிகளில் பெருமையாகக் காட்டுவது எதை? உச்சநீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்களே, அதே சுத்திகரிப்பைத்தான்! எனக்கு இதில் கோபம் இல்லை. பெருமைப்படட்டும். குழாயில் உப்புத்தண்ணீர் வராமல் இருக்கிறதா என்பதைப் போய் அளந்து பார்க்கலாம், அது போதும். முதலாளியின் மனதில் அக்கறை இருக்கிறதா என்பதை எந்த மீட்டர் வைத்து அளப்பது?

ஆனால் காசு விஷயத்தில் கோபம் உண்டு. சுத்திகரிப்புச் செலவு கிலோவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு துணியிலும் ஏறுகிறது. பையர் சான்றிதழ் கேட்பார், ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார், போட்டோ எடுப்பார். விலை பேசும்போது மட்டும், வேறு நாட்டில் இதை விடக் கம்மிக்குக் கிடைக்கிறதே என்பார். மாமாவின் முதலாளி அடிக்கடி புலம்புவது இதைத்தான். கடையில் நாம் கூடக் கொடுக்கும் பணம் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வருகிறதா என்று டேக்கில் எங்கேயாவது போட்டிருக்கிறதா? நான் தேடிய வரையில் இல்லை.

'எல்லாம் ஏமாத்து' கோஷ்டிக்கும் ஆதாரம் நிறைய இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022ல் நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு எச் அண்ட் எம், டெக்கத்லான் இரண்டையும் பிடித்தது. 'கான்ஷியஸ்', 'ஈகோடிசைன்' என்று போட்டால் என்ன அர்த்தம், விளக்கம் எங்கே என்று கேட்டது. வாசகங்களைத் திருத்துவதாகவும், முறையே 5 லட்சம், 4 லட்சம் யூரோ நன்கொடை தருவதாகவும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் இத்தாலி, இதே மாதிரி பசுமைப் பேச்சுக்காக ஷீன் தளத்தை நடத்தும் கம்பெனிக்கு 10 லட்சம் யூரோ அபராதம் போட்டது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. 'இயற்கைக்கு உகந்தது' என்று சும்மா போடக்கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும்.

சான்றிதழும் கோட்டை இல்லை. 2020ல் காட்ஸ் அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது: இந்தியாவில் போலிப் பத்திரம் தயாரித்து சுமார் 20,000 டன் பருத்தியை ஆர்கானிக் என்று காட்டியிருக்கிறார்கள். பதினோரு கம்பெனிகளுக்குத் தடை. உலகத்தில் ஆர்கானிக் பருத்தி அதிகம் விளைவதே இந்தியாவில்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த (பிடித்த என்றால் எரிச்சலான) உதாரணம் அந்த 91 சதவீதம். 'ஆர்கானிக் பருத்திக்கு 91 சதவீதம் குறைவான தண்ணீர்' என்று ரொம்ப வருஷம் எல்லா பிராண்டும் எழுதியது. இந்த எண் 2014ல் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பின் ஆய்விலிருந்து வந்தது. அதில் பார்த்த ஆர்கானிக் பருத்தி பெரும்பாலும் மானாவாரி, மழையை நம்பி விளைந்தது. ஒப்பிட்டதோ பாசனம் பாய்ந்த பருத்தியும் கலந்த கணக்கோடு. ஆர்கானிக்காக விளைவித்ததாலா தண்ணீர் குறைந்தது? பூமி வறண்ட பூமி, போர்வெல் இல்லை, அதனால் குறைந்தது. எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டில் யூரியா போட்டு விளைவித்தாலும் அதே தண்ணீர்தான்! டேக்கில் எண்ணைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தெரிந்தே போடுகிறார்களோ என்னவோ.

பிளாஸ்டிக் பாட்டில் துணி பற்றிச் சுருக்கமாக. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த வெளிர்நீல ஜாக்கெட் பாட்டிலை உருக்கிச் செய்த துணி. அந்தத் துணி போனது நம்ம கரூரிலிருந்து. அப்போது எங்கள் பக்கம் ஒரே கொண்டாட்டம். பாட்டில் சாக்கடையில் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பாட்டிலைத் திரும்பவும் பாட்டிலாக்கலாம். சட்டையாக்கிவிட்டால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. பழைய துணியில் திரும்பவும் புதுத்துணியாவது உலக அளவில் ஒரு சதவீதம் கூட இல்லை. துவைக்கத் துவைக்க பிளாஸ்டிக் நுண்ணிழை வேறு தண்ணீரில் போகும்.

அப்புறம், எந்த டேக்கும் தொடாத ஒரு எண் இருக்கிறது. உலகத்தில் 2000ம் வருஷம் உற்பத்தியான இழை சுமார் 5.8 கோடி டன். 2023ல் 12.4 கோடி டன். ஜனத்தொகை இரண்டு மடங்காகவில்லை, இழை ஆகியிருக்கிறது. 'இதை வாங்குங்கள், பூமிக்கு நல்லது' என்று சொல்லும் கடை, 'போன வருஷம் வாங்கியதையே போடுங்கள்' என்று ஒரு அட்டை அடித்துத் தொங்கவிடுமா? அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்தான். மாமாவைக் கேட்டால், "ஆர்டர் குறைஞ்சா எனக்கு ஷிப்டு குறையும் மாப்ள, அதையும் யோசிச்சு எழுது" என்கிறார். யோசித்தேன். என்னிடம் இதற்குப் பதில் இல்லை. ஒரு சட்டையை நாலு வருஷம் போடச் சொல்வது ஆற்றுக்கு நல்லது, எங்கள் தெருவுக்கு நல்லதா என்று தெரியவில்லை.

ஆகவே நண்பர்களே, அந்த டீ-ஷர்ட்டை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், என் வழி இது. இலையைப் பார்க்க மாட்டேன். எந்த முத்திரை, உரிம எண் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். காட்ஸ் என்றால் அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. எங்கே சாயம் போட்டது, அங்கே கழிவுத்தண்ணீர் எங்கே போகிறது என்று கம்பெனிக்கு மெயில் போடுவேன். இதுவரை மூன்று மெயில் போட்டதில் ஒன்றுக்குப் பதில் வந்தது. அதில் அவர்களின் 'பசுமைப் பயணம்' பற்றி நாலு பாரா இருந்தது. சாயப்பட்டறை பற்றி ஒரு வரி கூட இல்லை :-(

பி.கு.: பனியன் கம்பெனிக் கட்டிங் டேபிளில் விழும் துண்டுத் துணியை ஊரில் 'வேஸ்ட்' என்றுதான் சொல்வோம். பல வருஷமாக அது வீணாகப் போவதே இல்லை. கலர் வாரியாகப் பிரித்து, கிழித்து, திரும்பப் பஞ்சாக்கி, பல்லடம், வெள்ளகோவில் பக்கத்து ஓ.இ. மில்களில் நூலாக்கிவிடுவார்கள். கலர் ஏற்கெனவே துணியில் இருப்பதால் மறுபடி சாயம் போடுவதும் மிச்சம். நாம் போர்த்தும் மலிவான பெட்ஷீட்டில் பல அந்த நூல்தான். இப்போது அதற்கும் 'ரீசைக்கிள்டு' என்று டேக் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வேஸ்ட் குடோனில் கலர் பிரிக்கும் அக்காக்கள் மட்டும் எப்போதும் போல மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன்.